குடியை மறக்க ஒரு குளிசை உண்டா?

அரிவி வெட்டு முடிந்து வயலெல்லாம் ஒட்டாய்க் கிடந்த ஒரு பின்னேரம், கிளிநொச்சிப் பக்கத்து முரசுமோட்டையில் எங்கள் படலையைத் திறந்துகொண்டு அயல் வளவு அக்கா ஒருவர் வந்தார். கையில் ஒரு குளிசை மட்டை. கணவருக்கு மனச்சோர்வு என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து.

"தம்பி, இதைப் போடத் தொடங்கி ஒரு மாசம். மனுசன் தவறணைப் பக்கம் போறது குறைஞ்சிட்டுது. முந்தி மூண்டு போத்தல் கள்ளு, இப்ப ஒண்டோட எழும்பி வாறார். இது குடியை மறக்கப் பண்ணுற குளிசையோ?"

மட்டையை வாங்கிப் பார்த்தேன். புளுவொக்சற்றின். நான் பதில் சொல்ல முன்னரே அவர் குரலைத் தாழ்த்தி அடுத்ததைக் கேட்டார். "அப்பிடியெண்டா என்ர தம்பிக்கும் ஒண்டை அரைச்சுக் கறிக்குள்ள போட்டுக் குடுக்கட்டோ? அவன் கசிப்பு. சொன்னாக் கேக்க மாட்டான்."

இரண்டாவது கேள்விக்கு உடனேயே "வேண்டாம் அக்கா" என்றேன். முதலாவது கேள்விக்கு அவ்வளவு சுருக்கமான பதில் இல்லை. மனச்சோர்வுக்கான மருந்து குடியை ஏன் குறைக்க வேண்டும்? அறுபது வருடங்களாக விஞ்ஞானிகள் இதைக் கேட்டு வருகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்டது எலிகளிடம்.

புளுவொக்சற்றின் வேலை செய்வது செரோட்டோனின் என்ற பொருளின் மீது. 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மொரிஸ் றப்போட், ஆர்டா கிறீன், ஏர்வின் பேஜ் என்ற மூவர் இரத்தக் குழாய்களை இறுகச் செய்யும் ஏதோ ஒன்றை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். குருதிநீருக்கான இலத்தீன் சொல்லோடு இறுக்கத்தைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டார்கள். இத்தாலியில் விற்றோரியோ எர்ஸ்பமர் அதே பொருளைக் குடலில் முன்னமே கண்டிருந்தார். உடம்பிலுள்ள செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. மூளையிலும் அது உண்டு என்று பெற்றி ருவாரொக் என்ற இளம் பெண் விஞ்ஞானி பேஜுடன் சேர்ந்து 1953இல் காட்டிய பிறகுதான் மனத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டோ என்ற கேள்வி பிறந்தது.

மூளையில் செரோட்டோனினைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் மிகக் குறைவு. பல ஆயிரம் கோடி நரம்புக்கலங்களுள் இவை சில இலட்சம் மட்டுமே. மூளைத்தண்டின் நடுக்கோட்டில், துணியில் தையல் போட்டதுபோல் வரிசையாக இருக்கின்றன. ஆனால் அவற்றின் கிளைகள் மூளை முழுவதும் ஓடுகின்றன. இரணைமடுக் குளத்தின் துருசுகள் அணைக்கட்டில்தான் இருக்கின்றன. வாய்க்கால் வழியே தண்ணீர் எத்தனை ஊர்களின் வயலுக்குப் போய்ச் சேருகிறது என்று எங்களுக்குத் தெரியும். அதேமாதிரித்தான் இதுவும். பசி, தூக்கம், பயம், பொறுமை, வலி என்று ஒவ்வொரு வயலுக்கும் இந்தத் தண்ணீர் போகிறது. ஆகவே செரோட்டோனினை "மகிழ்ச்சிப் பொருள்" என்று எழுதுவது சரியல்ல. தண்ணீரை "நெல்லுப் பொருள்" என்று யாரும் சொல்வதில்லையே.

ஒரு நரம்புக்கலம் அடுத்ததை நேரே தொடுவதில்லை. இடையில் மெல்லிய இடைவெளி. இதற்கு நரம்பிணைப்பு என்று பெயர். இரண்டு வயலுக்கு நடுவில் வரம்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்துக் கலம் செரோட்டோனினை வரம்புக்குள் விடுகிறது. அந்தப் பக்கத்துக் கலத்தில் அதைப் பிடித்துக்கொள்ளும் மடைகள் உள்ளன. பாடப்புத்தகத்தில் இவற்றுக்கு வாங்கிகள் என்று பெயர். மடை திறந்தால் செய்தி போய்விட்டது. மிஞ்சிய செரோட்டோனினை விட்ட கலமே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீரில் மிஞ்சியதை நீர்ப்பம்பி வைத்து இழுத்து எடுப்பதுபோல. புளுவொக்சற்றின் இந்தப் பம்பியின் வாயை அடைக்கிறது. செரோட்டோனின் இடைவெளியில் நெடுநேரம் நிற்கிறது. மீளுறிஞ்சல் தடுப்பி என்று இவ்வகை மருந்துகளைச் சொல்லலாம்.

இந்தப் பம்பி மனிதரில் எப்படிப்பட்டது, அதற்கான மரபணு எந்த நிறமூர்த்தத்தில் இருக்கிறது என்பது 1993இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் தெரியவந்தது. 17ஆம் நிறமூர்த்தம். அந்தக் கட்டுரையின் முதல் பெயர் சம்மந்த ராமமூர்த்தி. பின்னால் வரும் பெயர்களில் ஒன்று வடிவேல் கணபதி. அக்காவின் கையிலிருந்த மட்டைக்குள் இருக்கும் மருந்து எங்கே போய் ஒட்டுகிறது என்பதைக் காட்டிக் கொடுத்தவர்களில் எங்கள் பெயர்க்காரரும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

இனி எலிக்கு வருவோம். எலியிடம் "உனக்குக் குடிக்க விருப்பமா?" என்று எப்படிக் கேட்பது?

கூட்டில் இரண்டு போத்தல்களைத் தலைகீழாகத் தொங்க விடுவார்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் மதுசாரம் கலந்த தண்ணீர், வழக்கமாக நூற்றுக்குப் பத்துப் பங்கு. எலி எந்தக் குழாயை நக்குகிறதோ அது அதன் விருப்பம். மறுநாள் போத்தல்களை நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். கேட்கச் சின்னப்பிள்ளை வேலைபோல இருக்கிறது. ஆனால் எலிக்கு இடம் பழகிவிடும். வலப்பக்கக் குழாயிலேயே குடித்துப் பழகிய எலி, அதில் என்ன இருந்தாலும் அங்கேதான் போகும். அதனால் போத்தல்களை நாளுக்கு நாள் இடம் மாற்ற வேண்டும். குழாயிலிருந்து சொட்டிப்போவதும் ஆவியாவதும் குடித்ததாகக் கணக்கில் ஏறிவிடும். அதனால் எலியே இல்லாத வெறுங்கூட்டில் அதேமாதிரி இரண்டு போத்தல்களைத் தொங்கவிட்டு, அங்கே குறைந்த அளவைக் கழிக்க வேண்டும். பெரிய எலி கூடக் குடிக்கும், சின்ன எலி குறையக் குடிக்கும். அதனால் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை கிராம் தூய மதுசாரம் என்று கணக்கிட வேண்டும். 1940ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் கேட் றிக்டர் போன்றவர்கள் பயன்படுத்திய இந்த இரட்டைப் போத்தல் முறை இன்றும் உலகமெங்கும் ஆய்வுகூடங்களில் நடக்கிறது.

எல்லா எலியும் ஒரேமாதிரிக் குடிப்பதில்லை. ஒரே முட்டியில் இருந்து பிளாவில் வார்த்துக் குடிக்கும் இரண்டு சகோதரரில் ஒருவர் ஒரு பிளாவோடு எழும்பிவிடுவதும் மற்றவர் முட்டி காலியாகும்வரை இருப்பதும் எங்கள் ஊரில் புதினமில்லை. எலியிலும் அப்படியே. நிறையக் குடிப்பவற்றை நிறையக் குடிப்பவற்றோடும், தொடாதவற்றைத் தொடாதவற்றோடும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து இனம் பெருக்கினார்கள். சிலியில் ஜோர்ஜ் மர்தோனஸ் 1940களின் பிற்பகுதியில் இதைத் தொடங்கினார். பின்லாந்தில் அரச மதுபானக் கம்பனியான அல்கோவின் ஆய்வுகூடத்தில் கலெர்வோ எரிக்சன் செய்தார். அமெரிக்காவின் இந்தியானாவில் ரி. கே. லீயும் லோறன்ஸ் லுமெங்கும் 1970களில் செய்தார்கள். இந்தியானாவின் "விரும்பி" எலி நாளுக்குக் கிலோவுக்கு 5 கிராமுக்கு மேல் மதுசாரம் குடிக்கும். பக்கத்திலேயே தண்ணீரும் சாப்பாடும் இருக்கத்தக்கதாக, தன் விருப்பத்தில் குடிப்பது அது. அறுபது கிலோ மனிதருக்கு இதே கணக்கைப் போட்டால் 300 கிராம் வரும். முக்கால் லீற்றர் சாராயப் போத்தல் ஏறத்தாழ ஒன்றரை, ஒவ்வொரு நாளும். எலியின் ஈரல் மதுசாரத்தை எங்களைவிட வேகமாக எரித்துவிடும் என்பதால் இது நேர் ஒப்பீடல்ல. ஆனாலும் அந்த எலி ருசி பார்க்கவில்லை, குடிக்கிறது என்பது விளங்கும். "விரும்பாத" எலியோ 1.5 கிராமைக்கூடத் தாண்டாது.

இந்த இரண்டு வகை எலிகளின் மூளையையும் 1982இல் இந்தியானாவில் பகுதி பகுதியாகப் பிரித்து அளந்தார்கள். விரும்பி எலிகளின் மூளையில் பல இடங்களில் செரோட்டோனின் குறைவாக இருந்தது. ஆகா, பதில் கிடைத்துவிட்டது என்று தோன்றும். செரோட்டோனின் குறைந்தவர் குடிக்கிறார், அதைக் கூட்டினால் குடி குறையும்! ஆனால் பின்லாந்தின் குடிகார எலிகளில் செரோட்டோனின் குறைவாக இருக்கவில்லை, சற்றுக் கூடவே இருந்தது. ஒரே பழக்கத்துக்கு வேறு வேறு பாதைகள் இருக்கலாம் என்பதை இந்த இரண்டு ஊர் எலிகளும் காட்டின. மனிதருக்கும் இது பொருந்தும் என்று பின்னால் தெரியவரும்.

இந்தக் கதையின் முதல் அத்தியாயம் ஒரு சறுக்கல். அதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அறிவியல் எப்படித் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

1968இல் மயர்ஸ், வீல் என்ற இருவர் எலிகளுக்குப் பி.சி.பி.ஏ. என்ற பொருளைக் கொடுத்தார்கள். அது மூளை செரோட்டோனின் செய்வதையே தடுத்துவிடும், துருசையே பூட்டுவதுபோல. செரோட்டோனின் வற்றியது. எலிகள் மதுசாரப் போத்தலை விட்டு விலகின. மருந்தை நிறுத்திய பிறகும் நெடுநாள் அந்தப் பக்கம் போகவில்லை. பெரிய செய்தி இது. செரோட்டோனினைக் குறைத்தால் குடி ஒழியும் என்று பலர் நம்பத் தொடங்கினார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 1970இல், நக்மன், லெஸ்ரர், லெ மன்யன் என்ற மூவர் ஒரு எளிய சந்தேகத்தைக் கிளப்பினார்கள். உங்களுக்கும் நடந்திருக்கும். ஒரு நாள் நண்டுக் கறி சாப்பிட்டீர்கள். அன்றிரவே காய்ச்சலும் வாந்தியும். காய்ச்சலுக்குக் காரணம் வேறு. ஆனாலும் அதன் பிறகு எத்தனையோ மாதம் நண்டு மணத்தாலே வயிற்றைப் பிரட்டும். நாக்கு வயிற்றோடு போட்டுக்கொண்ட கணக்கு அது. எலி இதில் எம்மைவிடக் கெட்டி. ஒரு புதுச்சுவையும் வயிற்றுப் பிரட்டலும் ஒருமுறை சேர்ந்து வந்தாலே போதும், அந்தச் சுவையை அது பிறகு தொடாது. வயலெலிக்கு நஞ்சு வைத்துப் பார்த்த எங்கள் கமக்காரருக்கு இது தெரியும். ஒரு எலி ஒருதரம் கொறித்துச் சுகமில்லாமல் போனால், தப்பிப் பிழைத்த எலி அந்த இரையை மோந்தும் பாராது. இதைச் சுவைவெறுப்பு எனலாம்.

மூவரின் கேள்வி இதுதான்: பி.சி.பி.ஏ. எலியைச் சுகமில்லாமல் ஆக்கியிருக்க, எலி பழியை மதுசாரத்தின் சுவையில் போட்டிருக்குமோ? அவர்கள் செய்து பார்த்த சோதனைகள் ஆம் என்ற பக்கமே சாய்ந்தன. அந்த எலிகளுக்குக் குடிவேட்கை குறையவில்லை. அவை மதுசாரத்துக்குப் பயந்தன.

வேட்கை குறைவது ஒன்று, வெறுப்பு வருவது வேறொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரேமாதிரித்தான் தெரியும்: போத்தல் நிரம்பியபடியே இருக்கிறது. மனிதருக்கான முதல் குடி மருந்தும் வெறுப்பு வகையைச் சேர்ந்ததுதான். 1948இல் கோப்பன்ஹேகனில் ஹால்ட், யாக்கொப்சன் என்ற இருவர் கண்டுசொன்ன டைசல்பிராம். அதைப் போட்டவர் மதுவைத் தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். இரத்த அழுத்தம் விழும். தெரிந்து, சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் எடுப்பவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் கறிக்குள் கலந்து கொடுக்கப்பட்டவருக்கு உயிராபத்து.

இதன் பிறகு ஆய்வு எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. 1979இல் கனடாவில் றொக்மன், அமிற் குழுவினர் சிமெலிடின் என்ற மருந்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். புளுவொக்சற்றினின் மூத்த சகோதரம் என்று அதைச் சொல்லலாம். பம்பியை அடைக்கும் மருந்து. செரோட்டோனின் இடைவெளியில் கூடியது. எலிகள் குடியைக் குறைத்தன. தொடர்ந்து இந்தியானாவின் விரும்பி எலிகளுக்குப் புளுவொக்சற்றின் கொடுத்தபோதும் அதேதான் நடந்தது. மனச்சோர்வுக்குப் பலன் தெரிய வாரங்கள் எடுக்கும் மருந்து, எலியின் குடியை ஓரிரு நாளில் குறைத்தது. அப்படியானால் குடியைக் குறைக்கும் வழியும் மனச்சோர்வைப் போக்கும் வழியும் ஒன்றல்ல.

ஆனால் பழைய சந்தேகம் இங்கும் வர வேண்டுமல்லவா? வந்தது. புளுவொக்சற்றின் கொடுத்த எலிகள் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டன. அப்படியென்றால் மருந்து குடியைக் குறைத்ததா, அல்லது வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் குறைத்ததா? சுவையைப் பிடிக்காமல் செய்ததா?

சுவைக் கேள்விக்கு இந்தியானா ஆய்வாளர்கள் கெட்டித்தனமான வழி ஒன்றைக் கண்டார்கள். எலியின் வயிற்றுக்கு நேரே மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். எலி வாயால் நக்குவது வாசனையூட்டிய வெறும் தண்ணீர். அது நக்கும்போதெல்லாம் ஒரு இயந்திரம் மதுசாரத்தை வயிற்றுக்குள் நேரடியாக விடும். நாக்குக்கு மதுசாரம் தெரியாது. விரும்பி எலிகள் அப்படியும் நக்கி நக்கித் தங்களுக்குத் தாங்களே மதுசாரம் ஏற்றிக்கொண்டன. அவை தேடுவது சுவையை அல்ல, மதுசாரம் தரும் மயக்கத்தை என்று இதனால் தெரிந்தது. அந்த எலிகளுக்குப் புளுவொக்சற்றின் கொடுத்தபோது நக்குவது குறைந்தது. 1988இல் வெளியான ஆய்வு இது. பிழை சுவையில் இல்லை என்று துணிந்து சொல்ல முடிந்தது.

பசிக் கேள்வி மட்டும் முழுதாகத் தீரவில்லை. குடி குறைந்ததில் ஒரு பகுதி பொதுவான நாட்டக் குறைவுதான் என்று நினைக்க இடமிருக்கிறது. மதுவிலும் கலோரி இருக்கிறது, எலியின் மூளைக்கு அது சாப்பாடும்தான். என் எண்ணத்தில் இந்த இரண்டையும் கத்தி வைத்து வெட்டிப் பிரிக்க முடியாது. தேடி அலையும் வேகத்தைச் செரோட்டோனின் தணிக்கிறது, எதைத் தேடினாலும்.

இவ்வளவும் பம்பியைப் பற்றியது. மடைகளின் கதை இன்னும் சிக்கல். செரோட்டோனினுக்கு ஒரு வாங்கி அல்ல, பதினான்கு வகை வாங்கிகள் உண்டு. ஒன்று திறந்தால் ஒரு பாத்திக்குத் தண்ணீர் போகும், இன்னொன்று திறந்தால் வேறொரு பாத்திக்கு வரும் தண்ணீர் நிற்கும். பம்பியை அடைப்பது எல்லா மடையிலும் ஒரேநேரம் தண்ணீர் மட்டத்தை உயர்த்துகிற வேலை. அதனால் பலனும் கலந்துதான் வரும். ஒரே ஒரு மடையை மட்டும் தொடும் மருந்துகளையும் எலியிலும் குரங்கிலும் சோதித்தார்கள். அவற்றுள் ஒன்று ஒண்டன்செற்றோன். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்கு வாந்தியை நிறுத்தக் கொடுப்பார்களே, அதே மருந்து. அது மூன்றாம் வகை வாங்கியைப் பூட்டுகிறது. மதுசாரம் அந்த வாங்கியின் செயலைக் கூட்டிவிடுகிறது என்று டேவிட் லவிஞ்சர் 1990ஐ ஒட்டிய வருடங்களில் கலங்களில் அளந்து காட்டியிருந்தார். சில ஆய்வுகளில் அந்த மருந்து விலங்குகளின் குடியைக் குறைத்தது, சிலவற்றில் குறைக்கவில்லை.

1996இல், இந்த வாங்கிகளுள் ஒன்று மட்டும் இல்லாமல் பிறக்கச் செய்த சுண்டெலிகள் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு குடித்தன என்று ஜோன் கிராப் குழுவினர் எழுதினார்கள். பின்னர் வந்த சில ஆய்வுகளில் அந்த வித்தியாசம் திரும்பக் கிடைக்கவில்லை. கிராப் அதை மூடி மறைக்கவில்லை. வேறு இரு ஊர்களின் ஆய்வாளரோடு சேர்ந்து, ஒரே இனச் சுண்டெலிகளை, ஒரே வயதில், ஒரே கருவிகளால், மூன்று ஆய்வுகூடங்களில் சோதித்தார். எவ்வளவு கவனமாகச் செய்தும் சில நடத்தைகள் கூடத்துக்குக் கூடம் மாறுபட்டன. 1999இல் அதை அப்படியே வெளியிட்டார்கள். தன் முடிவைத் தானே சோதனைக்கு உட்படுத்தும் இந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன். "விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒரே ஒரு எலி ஆய்வை வைத்து எழுதுபவர்கள் அந்த 1999ஆம் ஆண்டுக் கட்டுரையை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

எலியைவிட எனக்கு நெஞ்சில் நிற்பது குரங்குகளின் ஆய்வு. அமெரிக்காவில் டீ ஹிக்லி, ஸ்டீபன் சுவோமி, மார்க்கு லினோய்லா ஆகியோர் 1991இல் வெளியிட்டது. ரீசஸ் குரங்குக் குட்டிகளில் ஒரு பகுதி தாயோடு வளர்ந்தது. இன்னொரு பகுதி தாயில்லாமல், தன் வயதுக் குட்டிகளோடு மட்டும் வளர்ந்தது. வளர்ந்த பிறகு இரண்டு கூட்டத்துக்கும் இனிப்பூட்டிய மதுசாரத்தை வைத்தார்கள். தாயில்லாமல் வளர்ந்தவை கூடக் குடித்தன. அவற்றின் பயமும் பதற்றமும் கூடவாக இருந்தன. பிறகு எல்லாக் குரங்குகளையும் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே விட்டார்கள். அப்போது தாயோடு வளர்ந்த குரங்குகளும் மற்றவற்றின் அளவுக்குக் குடிக்கத் தொடங்கின. முள்ளந்தண்டு நீரில் செரோட்டோனின் உடைந்து வரும் பொருளை அளப்பது இந்தக் குழுவின் தொடர்ந்த வேலை. தாயின்றி வளர்ந்தவற்றில் அது குறைவாக இருப்பதை அவர்கள் கண்டார்கள்.

இதை முரசுமோட்டையில் இருந்து வாசிக்கும்போது கை நடுங்கும். போரின் கடைசி மாதங்களில், 2009 ஜனவரியில், இதே வீதியால்தான் சனம் கிழக்கு நோக்கிப் போனது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். பிறகு வவுனியாவில் முட்கம்பிக்குள் முகாம். பத்து வயதில் தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு இப்போது முப்பதை அண்டிய வயது. மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போருக்குப் பிந்திய வடக்கின் கூட்டு மனவடு பற்றி எழுதியவற்றில் மதுப்பழக்கமும் ஒரு தலைப்பாக வருகிறது. குரங்கு ஆய்வை எடுத்து எங்கள் பிள்ளைகள் மேல் அப்படியே ஒட்டிவிட முடியாது. தாயில்லாதவரெல்லாம் குடிப்பதில்லை, குடிப்பவரெல்லாம் இழந்தவரும் அல்லர். ஆனால் குடியை "கொழுப்பு", "திமிர்" என்று மட்டும் பேசும் எங்கள் வாய், ஒருமுறை நின்று யோசிக்க அந்த ஆய்வு போதுமானது.

மனிதருக்கு என்ன நடந்தது? 1984இல் தொரொன்ரோவில் குளோடியோ நரஞ்சோவும் எட்வேட் செல்லர்ஸும் மனச்சோர்வு இல்லாத கடுங்குடிகாரருக்குச் சிமெலிடின் கொடுத்துப் பார்த்தார்கள். குடி கொஞ்சம் குறைந்தது. அந்த மருந்து நரம்பு நோய் ஒன்றை உண்டாக்கும் ஆபத்தால் அதற்கு முந்திய வருடமே விற்பனையில் இருந்து நீக்கப்பட்டுவிட்டது. 1990இல் புளுவொக்சற்றின் நாளுக்கு 60 மில்லிகிராம் கொடுத்தபோது குடி சராசரியாக நூற்றுக்குப் பதினேழு குறைந்தது, 40 மில்லிகிராமுக்குப் பலன் இல்லை. ஆறு போத்தல் குடிப்பவர் ஐந்தோடு நிற்பது என்று அதைச் சொல்லலாம். எலியில் கண்ட பெரிய வீழ்ச்சி மனிதரில் வரவில்லை. 1995இல் ஹென்றி கிரான்ஸ்லர் 101 பேரில் 12 வாரம் சோதித்தபோது புளுவொக்சற்றினுக்கும் வெறுங்குளிசைக்கும் வித்தியாசமே இல்லை.

பிறகுதான் பின்லாந்து எலியும் இந்தியானா எலியும் சொன்ன பாடம் மனிதரிடமும் வெளிப்பட்டது. கிரான்ஸ்லர் தன் நோயாளரை இரண்டாகப் பிரித்துத் திரும்பக் கணக்கெடுத்தார். இளமையிலேயே தொடங்கிய, குடும்பத்தில் குடி உள்ள, கடுமையான நிலையில் இருந்தவர்களுக்குப் புளுவொக்சற்றின் உதவவில்லை. வெறுங்குளிசை எடுத்தவர்களைவிட அவர்கள் மோசமாகவே இருந்தார்கள். பாங்கோலே ஜோன்சன் 2000ஆம் ஆண்டில் 271 பேரில் ஒண்டன்செற்றோனைச் சோதித்தபோது நேரெதிர்: 25 வயதுக்குள் குடியில் விழுந்தவர்களுக்கே அது பலன் தந்தது. குடியோடு மனச்சோர்வும் சேர்ந்திருந்த 51 பேரில் கொர்னேலியஸ் 1997இல் செய்த ஆய்வில் புளுவொக்சற்றின் இரண்டையும் குறைத்தது. பிந்திய ஆய்வுகள் எல்லாம் அவ்வளவு தெளிவாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றைக்கு அமெரிக்காவில் குடிநோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்துகள் மூன்று: டைசல்பிராம், நல்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேற். மூன்றில் ஒன்றுகூடச் செரோட்டோனின் மருந்து அல்ல. அறுபது வருட எலி வேலை வீண் என்று இதற்குப் பொருளில்லை. குடி ஒரே ஒரு நோய் அல்ல என்பதை எங்களுக்குச் சொன்னவை அந்த எலிகள்தான்.

இப்போது அக்காவின் படலைக்குத் திரும்புகிறேன். கணவருக்கு மனச்சோர்வு இருந்தது, குடியும் இருந்தது. மருந்து முதலாவதைத் தணிக்க, இரண்டாவதும் இறங்கியிருக்கலாம். சந்தோசமான விசயம். வைத்தியர் சொல்லும்வரை குளிசையை நிறுத்த வேண்டாம் என்றேன். தம்பி? பதினாறு வயதில் தொடங்கியவர், தகப்பனும் குடித்தவர். அவருக்கு இதே குளிசை உதவாமல் போகலாம், நிலைமையை மோசமாக்கவும் கூடும். அவர் வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று தெரியாமல் கொடுத்தால் வேறு ஆபத்தும் உண்டு. கடைகளில் "கறிக்குள் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்" என்று வரும் தூள்களுக்கும் இதுவே பதில். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்பிராம் இருந்தால் அடுத்த பிளாவே அவரைச் சாய்க்கலாம்.

இன்னுமொன்றும் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். நாள்தோறும் கடுமையாகக் குடிப்பவரை அறைக்குள் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வந்து உயிர் போகவும் இடமுண்டு. அவருக்குச் சொல்லி, அவரோடு பேசி, கிளிநொச்சி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே காசு கேட்க மாட்டார்கள். போக முடியாவிட்டால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.